ஒரே கதவு, எத்தனை பேர்? கொரோனாக் காலக் குடித்தனமும் ஆபத்து பற்றிய எங்கள் கணிப்பும்

பெருந்தொற்றுக் காலத்தில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கேட்டால் வயதையும் நீரிழிவையும் இருதய நோயையும்தான் முதலில் சொல்வோம். வீட்டைச் சொல்வதில்லை. எத்தனை பேர், எத்தனை அறை, எத்தனை குளியலறை, எத்தனை பேர் வெளியே போய் உழைக்கிறார்கள் என்ற நான்கும் அதே அளவு முக்கியம். நான் கணக்காளன், மருத்துவன் அல்ல. ஆனால் ஸ்காபரோவில் எங்கள் சனங்களின் வருமான வரிப் படிவங்களை நிரப்புகிறவன் என்பதால், ஒரே விலாசத்தில் ஆறு, ஏழு பெயர்கள் வருவதை ஒவ்வொரு பங்குனியும் பார்க்கிறேன்.

முதலில் குடித்தனம் என்றால் என்ன என்பது. இலங்கைக் குடிசன மதிப்பீட்டில் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடித்தனம். கனடாவில் ஒரே வசிப்பிடத்தில் இருப்பவர்கள் ஒரு குடித்தனம், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். தனி வாசல் உள்ள பேஸ்மென்ற் வேறு வசிப்பிடமாகக் கணக்கில் வரும். உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் மேலுக்கும் கீழுக்கும் பொதுவாக இருப்பது எந்தக் கணக்கிலும் வராது.

ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவு 2020 ஆடி இறுதியில் சில தரவுகளை வெளியிட்டது. வைகாசி நடுப்பகுதியிலிருந்து ஆடி நடுப்பகுதி வரை தொற்றியவர்களில் 83 வீதத்தினர் வெள்ளையரல்லாத சமூகங்களைச் சேர்ந்தவர்கள். நகரச் சனத்தொகையில் அவர்களின் பங்கு 52 வீதம்தான். குறைந்த வருமான வீடுகளில் வாழ்ந்தோர் தொற்றியவர்களில் 51 வீதம், நகரில் 30 வீதம். ஐந்து பேருக்கு மேற்பட்ட வீடுகளை ஐந்து பேர் வீடுகளோடு சேர்த்துப் பார்த்தால், தொற்றியவர்களில் 27 வீதம், நகரில் 20 வீதம்.

பெரிய வீடு என்றாலே ஆபத்து என்று இதை வாசிக்கக் கூடாது. 2020 மார்கழியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இணைய இதழொன்று 54 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டது. அதன்படி, வீட்டில் ஒருவருக்குத் தொற்றினால் கூட இருப்பவர்களில் சராசரியாக 16.6 வீதத்தினருக்குத் தொற்றியது. கணவன், மனைவி என்றால் 37.8 வீதம். சுவையான விடயம் என்னவென்றால், நோயாளியோடு ஒருவர் மட்டும் இருந்த வீடுகளில் அந்த ஒருவருக்குத் தொற்றும் வீதம், மூவரும் அதற்கு மேலும் இருந்த வீடுகளை விடக் கூடுதலாக இருந்தது. அப்படியானால் பெரிய குடும்பத்துக்கு என்ன பாதகம்? கிருமி உள்ளே வரும் வழிகள் அதிகம். உதாரணத்துக்கு, வேலைக்குப் போகும் ஒருவர் ஒரு கிழமையில் தொற்றோடு திரும்பும் வாய்ப்பு 1 வீதம் என்று வையுங்கள். ஒருவர் மட்டும் போகும் வீட்டில் பத்துக் கிழமையில் தொற்று நுழையும் வாய்ப்பு 10 வீதத்துக்குச் சற்றுக் கீழே. நால்வர் போனால் 33 வீதம். கூட்டு வட்டி போட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அந்த வீட்டில் 80 வயது அம்மா இருந்தால் அந்த 33 வீதமும் அவவுடைய தலையில்தான்.

நாங்கள் பயந்தது வேறு இடத்தில். பாற்பைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினோம், தபாலை இரண்டு நாள் கராஜில் வைத்தோம். 2021 சித்திரையில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம், மேற்பரப்பைத் தொட்டுத் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றது. போல் ஸ்லோவிக் என்ற உளவியலாளர் 1987இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. சாதாரண மனிதர் ஆபத்தை எண்ணிக்கையால் அளப்பதில்லை. அது எவ்வளவு பயங்கரமாகத் தெரிகிறது, எவ்வளவு புதியது என்பதால் அளக்கிறார். எங்களுக்கு இன்னொன்றும் சேர்கிறது. செல் விழுந்தபோது பங்கருக்குள் நெருங்கி இருந்தவர்கள் நாங்கள். 1995இல் வலிகாமத்தை விட்டு நடந்தபோதும் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை. ஆபத்து வெளியே, சொந்தம் உள்ளே என்பது எங்கள் உடம்பில் ஊறியது. கொரோனா அதைத் தலைகீழாக்கியது.

2021 தையில் பொதிக் களஞ்சியத்தில் வேலை செய்த என் மகனுக்குத் தொற்றியது. சுகாதாரத் தாதி தொலைபேசியில் கேட்டா: அவருக்குத் தனி அறையும் தனிக் குளியலறையும் இருக்கிறதா? இருக்கிறது என்றேன். மேலே மூன்று அறை, ஒரு குளியலறை. மற்றக் குளியலறை பேஸ்மென்றில், வாடகைக்கு இருந்த இரண்டு மாணவர்களுடையது. நகரம் 2020 புரட்டாதியில் 140 அறைகளோடு இலவசத் தனிமைப்படுத்தல் விடுதி திறந்திருந்தது, சாப்பாடும் தருவார்கள். போகிறேன் என்று மகனே சொன்னான். காய்ச்சலோடு பிள்ளையை வெளியே அனுப்பினார்கள் என்று சனம் கதைக்குமே என்று நான்தான் மறித்தேன். ஆறாம் நாள் அம்மாவுக்கு இருமல். 16 நாள் வைத்தியசாலையில் இருந்து திரும்பி வந்தா. படியேற முடியாததால் இப்போது முன் அறைதான் அவவுடைய அறை. அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி அவவுக்கு இன்னும் சொல்லவில்லை.

காசுக் கணக்கையும் விட முடியாது. சுகவீன விடுப்பு இல்லாதவர்களுக்கு மத்திய அரசு 2020 புரட்டாதியிலிருந்து கிழமைக்கு 500 டொலர் கொடுத்தது, 10 வீத வரி கழித்துக் கையில் 450. அப்போது ஒன்ராறியோவின் ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 14.25, அதாவது 40 மணித்தியாலத்துக்கு 570. வீட்டுக் கடன் கட்ட நான்கு சம்பளமும் தேவைப்படும் வீட்டில் தொண்டை நோவை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அதைப் பயமின்மை என்று எழுதுகிறவர்கள் அந்த வீட்டின் வரவு செலவைப் பார்க்காதவர்கள்.

அடுத்த முறைக்கென்று நான் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். வெளியே போகிறவர் யார், ஒருவர் விழுந்தால் எந்த அறையை வெறுமையாக்குவது, குளியலறையை யார் முதலில், யார் கடைசியில் பாவிப்பது, அம்மாவை எந்த மகள் வீட்டுக்கு மாற்றுவது. கீழே இருப்பவர்களின் தொலைபேசி இலக்கங்களும் அதில் உண்டு. 2021இல் அந்த இரண்டு மாணவர்களுக்கும் நாங்கள் மூன்றாம் நாள்தான் சொன்னோம்.