கடவுளோடு சமாதானம்: ஒரு கருத்தின் வரலாறு

குற்றமுள்ள மனிதன் தூய இறைவன் முன் எவ்வாறு நிற்பது என்னும் வினா பல சமயங்களுக்கும் பொதுவானது. கிறித்தவ சமயம் இதற்கு அளித்த விடைகளுள் தலையாயது, விசுவாசத்தினால் கடவுளோடு சமாதானம் பெறுதல் என்பதாகும். இவ்விடை எளிதில் நிலைபெற்றதன்று. கலங்கிய உள்ளங்கள் சிலவற்றில் கூர்மை பெற்று, மேலைத் திருச்சபையை இரு கூறாக்கி, நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடப்பட்ட கருத்து இது.

மூல ஊற்று

கி.பி. 57ஆம் ஆண்டையொட்டிப் பவுல் அடிகள் உரோமைக் கிறித்தவர்களுக்கு எழுதிய திருமுகமே இதன் தோற்றுவாய். விசுவாசத்தினால் நீதிமான்களாக்கப்பட்டோர் கிறிஸ்துவின் வழியாகக் கடவுளோடு சமாதானம் பெற்றவர் என்பது அதன் ஐந்தாம் அதிகாரத் தொடக்கம் கூறும் செய்தி. இங்குச் சமாதானம் என்பது வெறும் மன அமைதியன்று. மூலத்திலுள்ள 'எய்ரேனே' என்னும் கிரேக்கச் சொல்லின் பின்னே 'ஷாலோம்' என்னும் எபிரேயச் சொல் நிற்கிறது. நலம், முழுமை, பகை நீங்கிய உறவு ஆகிய பொருள்கள் அனைத்தும் அதனுள் அடங்கும். எனவே, இது முறிந்த உறவு சீர்பட்ட நிலையைக் குறிக்கின்றது. அடுத்த அடிகளிலேயே பவுல் துன்பங்களைப் பற்றிப் பேசுவது கருதத்தக்கது. துன்பம் நீங்கினால்தான் சமாதானம் என்பது அவர் கருத்தன்று. துன்பத்தின் நடுவிலும் அது நிற்கும் என்பதே.

ஒரு துறவியின் கலக்கம்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கருத்து மீண்டும் எரியும் வினாவாயிற்று. 1505ஆம் ஆண்டு சூலைத் திங்களில், இடியும் மின்னலும் சூழ்ந்த வேளையில் உயிருக்கு அஞ்சித் துறவு பூணுவதாக நேர்ந்துகொண்டார் மார்ட்டின் லூதர் என்னும் ஜெர்மானிய மாணவர். எர்பர்ட் நகரின் அகுஸ்தீனியத் துறவு மடத்தில் சேர்ந்து நோன்பும் விழிப்பும் செபமும் குறைவறக் கைக்கொண்டார். நெடுநேரம் பாவ அறிக்கை செய்வார். செய்து முடித்த பின்னும், ஏதேனும் ஒன்று விடுபட்டிருக்குமோ என்று அஞ்சுவார். எவ்வளவு செய்தால் போதும் என்னும் கேள்விக்கு அளவு கிடைக்காததே அவர்தம் வேதனையின் வேர்.

1512இல் மறைநூல் முனைவர் பட்டம் பெற்று, விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்த லூதர், 1515–16ஆம் ஆண்டுகளில் உரோமர் திருமுகத்துக்கு விரிவுரை நிகழ்த்தினார். அதிலுள்ள 'கடவுளின் நீதி' என்னும் தொடர் அவரை நெடுங்காலம் அச்சுறுத்தியது. பாவியைத் தண்டிக்கும் நீதி என்றே அதற்கு அவர் பொருள் கொண்டிருந்தார். இரவும் பகலும் சிந்தித்தபின், விசுவாசிக்கும் மனிதனுக்குக் கடவுள் கொடையாக அளிக்கும் நீதியே அது என்று கண்டதாக 1545இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் கூறியுள்ளார். இத்தெளிவு பிறந்த ஆண்டு எது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அதன் விளைவை உலகம் அறியும். பாவமன்னிப்புச் சீட்டு வாணிபத்தை எதிர்த்து 1517இல் அவர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கருத்துரைகள் பெருங்கிளர்ச்சிக்கு வித்திட்டன.

எழுந்த தடைகள்

விசுவாசம் மட்டும் போதுமெனில், மக்கள் நற்செயலைக் கைவிட மாட்டார்களோ? இது நேர்மையான வினா. 1520இல் கிறித்தவனின் சுதந்திரம் பற்றி எழுதிய நூலில் லூதர் இதற்கு விடை தந்தார். நல்ல கனி மரத்தை நல்லதாக்குவதில்லை. மரம் நல்லதாயின் கனியும் நல்லதாகும். இறைவனோடு உறவு சீர்பட்டவன், விலை கொடுத்து அதை வாங்க வேண்டிய கவலையின்றிப் பிறருக்குத் தொண்டு செய்கிறான் என்பது அவர் வாதம்.

கத்தோலிக்கத் திருச்சபை 1547இல் திரெந்து சங்கத்தின் வழியே தன் நிலையை வகுத்துரைத்தது. தொடக்கம் இறையருளே என்பதை அது மறுக்கவில்லை. ஆனால் நீதிமானாதல் என்பது தீர்ப்பு மட்டுமன்று, உள்ளம் புதிதாதலும் ஆகும். அன்போடு இணையாத விசுவாசம் நிறைவுறாது என்று வற்புறுத்தியது. ஒரு சாரார் விடுதலையின் உறுதியைக் காக்க முயன்றனர். மறுசாரார் வாழ்வின் மாற்றத்தைக் காக்க முயன்றனர். ஒருவரையொருவர் சபித்தனர். அரசியல் பகைகளும் உடன்சேர, 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் ஜெர்மானிய நிலம் பாழ்பட்டது. கடவுளோடு சமாதானம் பெறும் வழியை ஆராய்ந்தோர் தம்முள் சமாதானம் இழந்தது வரலாற்றின் பெருந்துயரம்.

சிறையிலிருந்து நெல்லைச் சீமைக்கு

இங்கிலாந்தின் பெட்போர்டு நகரையடுத்து வாழ்ந்த ஜான் பனியன், பாத்திரங்களுக்கு ஒட்டுப் போடும் தொழிலாளி. தாம் மன்னிக்கப்படவே இயலாதவர் என்னும் அச்சத்தில் பல ஆண்டுகள் உழன்ற அவர் கையில், லூதர் கலாத்தியர் திருமுகத்துக்கு எழுதிய விரிவுரையின் நைந்துபோன படி ஒன்று கிடைத்தது. தம் உள்ளத்தைப் பார்த்தே எழுதப்பட்டது போலிருந்ததாக அவர் வியந்தார். அரசின் இசைவின்றிப் பிரசங்கித்தமைக்காக 1660இல் சிறைப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று வாக்களித்தால் விடுதலை பெறலாம் என்ற நிலையிலும், பார்வையற்ற மகளைப் பிரிந்து பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கழித்தார். 1678இல் வெளிவந்த அவரது 'மோட்சப் பயணம்' என்னும் நூலில், பயணியின் முதுகிலிருந்த பாரம் சிலுவையின் முன் தானே அவிழ்ந்து விழுகிறது. அவன் அதை இறக்கி வைக்கவில்லை என்பதே அக்காட்சியின் உயிர்.

இந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த காப்பியமே 1894இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்'. திருநெல்வேலிப் பகுதியில் 1827இல் வைணவக் குடியில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இதன் ஆசிரியர். கம்பனில் தோய்ந்த புலமை அவருடையது. ஆதலின் 'கிறித்தவக் கம்பர்' எனப் போற்றப்பட்டார். மூலத்தில் விரிவுபெறாத கிறிஸ்துவின் பாடுகளை அவர் விரித்துப் பாடியது குறிப்பிடத்தக்கது. பாரம் ஏன் விழுந்தது என்பதைத் தமிழ் நெஞ்சம் உணரும்பொருட்டு, அதன் விலையை முன்னிறுத்தினார் எனலாம்.

மீண்டும் ஒரு சமாதானம்

லூதரியர் தம் விசுவாச அறிக்கையை அரசரிடம் அளித்தது 1530இல், ஆக்ஸ்பர்க் நகரில். அதே நகரில் 1999 அக்டோபர் 31 அன்று, லூதரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டறிக்கை ஒன்றில் கையொப்பமிட்டன. மனிதரின் தகுதியால் அன்று, அருளினாலேயே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொள்ளும் விசுவாசத்தில் கடவுள் மனிதரை ஏற்றுக்கொள்கிறார். அவ்வருளே நற்செயலுக்கும் ஆற்றல் தருகிறது என்பதில் இரு சபையாரும் ஒன்றுபட்டனர். இவ்வாறு விளக்கப்படும் போதனைக்குப் பழைய கண்டனங்கள் பொருந்தா எனவும் அறிவித்தனர். 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தத் திருச்சபைகளும் இவ்விணக்கத்தில் சேர்ந்தன. வேறுபாடுகள் முற்றும் தீர்ந்துவிடவில்லை. அவை சாபமாக நில்லாமல் உரையாடலாக மாறியுள்ளன.

கடவுளோடு சமாதானம் ஈட்டப்படுவதன்று, பெறப்படுவது என்பதே இந்நெடிய வரலாறு உணர்த்தும் பாடம். பெற்றதாகக் கூறியோர் அதைப் பிறருக்கு மறுத்த காலங்களில் அக்கோட்பாடு வெறும் வாதமாகச் சுருங்கியது. பிறரோடு பகிர்ந்த காலங்களில் உயிர் பெற்றது. கொடையாக வந்ததைப் பூட்டி வைப்பவன், அது கொடை என்பதையே மறந்தவனாவான்.