நிலப்படமும் நாடாவும்

இடஞ்சார் தரவுத்தளங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறிகளின் வேகத்தையே விதந்துரைப்பர். ஆயின் முதற்சிக்கல் வேகத்தைப் பற்றியதன்று. அடுக்கும் முறையைப் பற்றியது.

1960களில் கனடிய அரசு தன் நிலவளத்தைக் கணக்கெடுக்க முற்பட்டது. எந்நிலம் பயிருக்கு உகந்தது, எது காட்டுக்கு விடத்தக்கது என வகுக்கும் படங்கள் ஆயிரக்கணக்கிற் பெருகின. விடை பிழைத்தால் இடருறுவோர் உழவரே. கையால் ஒப்பிட ஆளணி போதாதெனக் கண்ட புவியியலாளர் றொஜர் ரொம்லின்சன் கணனியின் துணையை நாடினார்.

அக்காலத் தரவுகள் காந்த நாடாவிற் கிடந்தன. படத்துக்கு நீளமும் அகலமும் உண்டு. நாடாவுக்கோ நீளம் மட்டுமே. நிரைநிரையாகப் பதிந்தால், நிலத்தில் மேலுங்கீழுமாக அடுத்துள்ள கட்டங்கள் நாடாவில் வெகுதூரம் விலகிவிடும். 1966இல் ஒட்டாவாவில் ஐ.பீ.எம். நிறுவனத்தைச் சேர்ந்த கை மோட்டன் இதற்குக் கண்ட வழி வியப்பூட்டும் எளிமையுடையது. நிரையெண்ணையும் நிரலெண்ணையும் இரும எண்களாக்கி, இலக்கங்களை மாறிமாறிக் கோத்தார். நிரை 3, நிரல் 2 எனின் அவை 11, 10 ஆகும். கோத்தால் 1110, அதாவது 14. அதுவே அக்கட்டத்தின் வரிசையெண். அயற்கட்டங்கள் பெரும்பாலும் நாடாவிலும் அயலாயின; பெருங்கூறுகள் சந்திக்கும் எல்லையில் மட்டும் இம்முறை பிசகும்.

1984இல் அந்தொனின் குட்மன் வேறுநெறி வகுத்தார். ஒவ்வோர் உருவையும் அதனை அடக்கும் மிகச்சிறு செவ்வகத்தாற் சுட்டி, அருகருகானவற்றைப் பெருஞ்செவ்வகங்களுள் அடக்கி மரம்போல் அமைத்தார். வினாவுக்குத் தொடர்பற்ற பெருஞ்செவ்வகத்தை விலக்கின், அதனுள் உள்ளவை யாவும் திறந்து பாராமலே விலகும். 2001இல் கனடாவின் விக்டோரியா நகரில் உருவான போஸ்ற்ஜிஸ் மென்பொருளின் தேடற்சுட்டியும் இம்மரத்தின் வழிவந்ததே. செவ்வகங்கள் ஒன்றையொன்று தொட்டாலும் உருவங்கள் தொடாதிருக்கலாமாதலின், ஈற்றில் அது உண்மை எல்லைக்கோடுகளையே ஒப்பிட்டு விடையளிக்கின்றது.