ஒரே கதை, ரெண்டு மேனேஜர்: 'தி ஆபிஸ்' தொடரும் நம்ம ஊர் ஆபிஸும்

கம்பெனி மீட்டிங்கில் மேனேஜர் "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று சொன்னால், அன்னைக்கு ராத்திரியே ரெஸ்யூமைத் திறந்து தேதியை மாத்தி வெச்சுக்கணும். இருபது வருஷ சாஃப்ட்வேர் வேலையில் நான் கத்துக்கிட்ட பாடம் இது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் அந்த வார்த்தை வந்த ஆறாவது வாரம் எங்க டீமில் பாதிப் பேர் இல்லை. நான் தப்பிச்சேன். ஆனா தூக்கம் போச்சு. அப்போ வீட்டிலிருந்தே வேலை என்பதால் லோயர் கேம்பில்தான் இருந்தேன். அந்த ராத்திரிகளில் 'தி ஆபிஸ்' தொடரின் பிரிட்டிஷ் வடிவத்தையும் அமெரிக்க வடிவத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தேன்.

ரெண்டும் ஒரே கதைதான். ஆனா அந்தக் "குடும்பம்" என்ற வார்த்தை விஷயத்தில் ரெண்டும் நேரெதிர் பக்கம் நிக்குது. அது ஏன் என்று தேடினப்போ சேர்ந்த குறிப்புகளைத்தான் இங்கே எழுதறேன்.

ஸ்லௌ, 2001

பிரிட்டிஷ் தொடர் 2001 ஜூலை 9 அன்று பிபிசி 2-ல் ஆரம்பிச்சது. எழுதி இயக்கியவர்கள் ரிக்கி ஜெர்வைஸ், ஸ்டீபன் மெர்ச்சன்ட். லண்டனுக்கு மேற்கே இருக்கிற ஸ்லௌ என்ற ஊரில், வெர்னம் ஹாக் என்ற காகித வியாபாரக் கம்பெனியின் கிளை அலுவலகம். அதன் மேனேஜர் டேவிட் பிரென்ட்டாக நடிச்சவரும் ஜெர்வைஸ்தான்.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் டிவியில் சாதாரண ஜனங்களைக் கேமராவோட பின்தொடர்கிற ஆவணத் தொடர்கள் ரொம்பப் பிரபலம். விமான நிலைய ஊழியர்கள், கார் ஓட்டக் கத்துக்கிறவங்க என்று சாதாரண ஆட்கள் திடீர்னு பிரபலம் ஆனாங்க. 'தி ஆபிஸ்' அந்த வடிவத்தையே கடன் வாங்கிச்சு. பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. ஒரு படப்பிடிப்புக் குழு ஆபிஸுக்குள்ள வந்திருக்கு, அவ்வளவுதான். பிரென்ட் அந்தக் கேமராவைப் பார்த்ததும், தன்னை ஜோக் அடிக்கிற, ஊழியர்களுக்கு நண்பனான பாஸ் என்று உலகத்துக்குக் காட்டத் துடிக்கிறார். அவர் பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க முகத்தைப் பார்த்தாலே நிஜம் தெரிஞ்சிடும்.

முதல் எபிசோடிலேயே தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி வருது: ஸ்லௌ, ஸ்விண்டன் ரெண்டு கிளையில் ஒண்ணு மூடப்படும். பிரென்ட் யாருக்கும் வேலை போகாதுன்னு ஊழியர்களுக்கு வாக்குக் கொடுக்கிறார். முதல் பருவத்தின் கடைசியில் அவருக்கே பதவி உயர்வு வருது. ஆனா அதை ஏத்துக்கிட்டா ஸ்லௌ கிளையில் ஆட்கள் வீட்டுக்குப் போகணும். ஏத்துக்கிறார். அதையும் கெட்ட செய்தி ஒண்ணு, நல்ல செய்தி ஒண்ணு என்று பிரிச்சுச் சொல்லி, தன் பதவி உயர்வுக்கு அவங்க சந்தோஷப்படணும்னு எதிர்பார்க்கிறார். அப்புறம் மருத்துவப் பரிசோதனையில் தேறாததால் அந்த வேலை கிடைக்காமல் போறது தனிக்கதை. ரெண்டாவது பருவத்தின் கடைசியில் வேலை போறது அவருக்கே. என்னை அனுப்பாதீங்கன்னு கெஞ்சுகிற அந்தக் காட்சியில் அதுவரை அவரைப் பார்த்துச் சிரிச்ச நமக்கே தொண்டை அடைக்கும்.

மொத்தம் 14 எபிசோடுதான். ஆறு, ஆறு, அப்புறம் 2003 கிறிஸ்துமஸுக்கு ரெண்டு. அதோட நிறுத்திட்டாங்க. 2004-ல் கோல்டன் குளோப் விருது வாங்கிச்சு.

ஸ்க்ரான்டன், 2005

அமெரிக்க வடிவம் 2005 மார்ச் 24 அன்று என்பிசியில் வந்தது. தழுவி எழுதியவர் கிரெக் டேனியல்ஸ். பென்சில்வேனியாவில் ஒரு காலத்தில் நிலக்கரியால் வாழ்ந்த ஸ்க்ரான்டன் ஊர், டண்டர் மிஃப்ளின் காகிதக் கம்பெனி, மைக்கேல் ஸ்காட் என்ற மேனேஜர். டிம் இங்கே ஜிம் ஆனார், டான் பாம் ஆனார், கரெத் டுவைட் ஆனார்.

முதல் எபிசோட் கிட்டத்தட்ட அப்படியே பிரதி. ரிசப்ஷனிஸ்ட் பெண்ணிடம் திருட்டுப் பழி போட்டு, வேலையை விட்டு எடுத்துட்டேன்னு விளையாட்டுக்குச் சொல்லி அழவைக்கிற காட்சி ரெண்டிலும் உண்டு. பிரென்ட் அதைச் செய்யும்போது அவன் குணம் அதுதான்னு தோணுது. மைக்கேல் செய்யும்போது ஏதோ ஒட்டாத மாதிரி இருக்கு. ஆறு எபிசோட் கொண்ட அந்த முதல் பருவத்துக்கு வரவேற்பும் சுமார்தான்.

ரெண்டாவது பருவத்தில் மாத்தினாங்க. அந்த இடைவெளியில், 2005 ஆகஸ்டில், ஸ்டீவ் கேரல் நாயகனாக நடிச்ச ஒரு சினிமா பெரிய ஹிட் ஆனதால் சேனலுக்கும் தைரியம் வந்தது. மைக்கேல் இன்னமும் உளறுவார், எல்லாரையும் நெளிய வைப்பார். ஆனா அவருக்கு உள்ளூர இருக்கிற ஒரே ஆசை, ஆபிஸில் இருக்கிறவங்க தனக்குச் சொந்தமாகணும். வீட்டில் யாரும் இல்லாத மனுஷன், ஆபிஸை வீடாக்கப் பார்க்கிறார். மூணாவது பருவத்தில் இங்கேயும் கிளையை மூடுகிற கதை வருது. ஸ்க்ரான்டன் மூடப்படும்னு சொல்லி, கடைசியில் ஸ்டாம்ஃபோர்ட் கிளை மூடப்படுது. நம்ம ஆட்கள் பிழைச்சுக்கிறாங்க. தொடர் 2013 மே 16 வரை, ஒன்பது பருவம், 201 எபிசோட் ஓடுச்சு. 2020-ல் மட்டும் அமெரிக்கர்கள் நெட்ஃப்ளிக்ஸில் இதைப் பார்த்த நேரம் 5,700 கோடி நிமிஷத்துக்கு மேல்.

இதில் நம்ம பக்கத்துச் சரக்கும் உண்டு. கெல்லி கபூராக நடிச்சு, பல எபிசோட்களை எழுதவும் செஞ்ச மிண்டி கேலிங்கின் முழுப்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். அப்பா தமிழர், அம்மா வங்காளி. சொக்கலிங்கத்தின் 'கலிங்'தான் கேலிங் ஆச்சு. மூணாவது பருவத்தின் தீபாவளி எபிசோட் அவர் எழுதினது.

ஏன் மாறினது?

இங்கிலீஷ்காரனுக்குக் கசப்பு பிடிக்கும், அமெரிக்கனுக்கு இனிப்பு பிடிக்கும் என்று சொல்லிட்டுப் போறது வழக்கம். எனக்கு அது போதலை. பெரிய காரணம் எண்ணிக்கை என்று நினைக்கிறேன். பிபிசி லைசென்ஸ் கட்டணத்தில் ஓடுற நிறுவனம், விளம்பரம் கிடையாது. ரெண்டு பேர் உட்கார்ந்து ஆறு எபிசோட் எழுதினா ஒரு பருவம் முடிஞ்சது. என்பிசிக்கு வருஷத்துக்கு இருபதுக்கு மேல் எபிசோட் வேணும், வாராவாரம் விளம்பரத்துக்கு ஆள் உட்காரணும். பிரென்ட்டை ஆறு வாரம் சகிச்சுக்கலாம், ஒன்பது வருஷம் வீட்டுக்குக் கூப்பிட முடியாது. 201 எபிசோடுக்கு ஒரு மனுஷன் வேணும்னா அவன்மேல் பாசம் வரணும்.

ரெண்டாவது காரணம் வேலைச் சட்டம். இது என் ஊகம். பிரிட்டனில் ஆட்குறைப்பு செய்தால் தகுதியுள்ள ஊழியருக்குப் பணம் தரணும்னு 1965-லேயே சட்டம் வந்தாச்சு. அமெரிக்காவில் பெரும்பாலான வேலைகளில் முதலாளி எந்த நாளும் காரணம் சொல்லாமல் அனுப்பலாம். சட்டத்தில் கொஞ்சம் பிடிமானம் இருக்கிற ஊரில், பாஸ் பொய் சொல்றான்னு காட்டிச் சிரிக்க முடியுது. பிடிமானமே இல்லாத ஊரில், பாஸ் நல்லவனா இருக்கணுமேன்னு ஜனங்க வேண்டிக்கிறாங்க. மைக்கேல் ஸ்காட் அந்த வேண்டுதலிலிருந்து பிறந்த ஆள் என்றுதான் எனக்குத் தோணுது.

ஃபரிதாபாத், அப்புறம் தலைவெட்டியான் பாளையம்

ஜெர்மனி, பிரான்ஸ், சிலி, இஸ்ரேல், ஸ்வீடன், பின்லாந்து என்று இந்தக் கதை ஊர் ஊராகப் போச்சு. இந்தியாவுக்கு 2019 ஜூனில் ஹாட்ஸ்டாரில் இந்தியில் வந்தது. டெல்லிக்குப் பக்கத்து ஃபரிதாபாத், வில்கின்ஸ் சாவ்லா என்ற கம்பெனி, மேனேஜராக முகுல் சட்டா. காகிதக் கம்பெனியும் பாத்திரங்களும் அமெரிக்க அச்சிலேயே இருந்தன. ரெண்டு பருவத்தோட நின்னுடுச்சு.

தமிழில் 'தி ஆபிஸ்' வரலை. விஜய் டிவியில் 2013-ல் வந்த 'ஆபிஸ்' வேற கதை. பெயர்தான் ஒற்றுமை. நமக்குக் கிட்டத்தில் இருக்கிற ஒப்பீடு, வேறொரு மூலத்திலிருந்து வந்த ஆபிஸ் காமெடி. 2020 ஏப்ரலில் அமேசான் பிரைமில் வந்த இந்தித் தொடர் 'பஞ்சாயத்'தும், 2024 செப்டம்பர் 20 அன்று வந்த அதன் தமிழ் வடிவம் 'தலைவெட்டியான் பாளைய'மும். இந்தியில் ஜிதேந்திர குமார் உத்தரப் பிரதேசத்தில் புலேரா என்ற கிராமத்துக்குப் பஞ்சாயத்துச் செயலரா வர்றார். தமிழில் அபிஷேக் குமார் திருநெல்வேலிப் பக்கம் வர்றார். இயக்கினவர் 'மர்மதேசம்' நாகா. சேத்தனும் தேவதர்ஷினியும் தலைவர் தம்பதியா நடிச்சிருக்காங்க. ரெண்டிலும் எட்டு எபிசோட், கதையும் பெரும்பாலும் மூலத்தை ஒட்டியேதான் போகுது.

இதில் ஒரு சமாச்சாரம் தமிழில் அப்படியே ஒட்டிக்கிச்சு, இன்னொண்ணு ஒட்டலை. ஒட்டினது, தேர்தலில் ஜெயிச்ச மனைவி வீட்டில் இருக்க, கணவர் ஊராட்சியை நடத்துற கதை. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு 2016-ல் சட்டமாச்சு. தலைவரின் கணவர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசறதை நம்ம ஜில்லாவிலேயும் பார்க்கலாம். மொழியை மட்டும் மாத்தினா போதும்.

ஒட்டாதது, நாயகன். நம்மூரில் ஊராட்சி செயலர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர் அல்லது பக்கத்து ஊர்க்காரர். யார் வீட்டுக் குழாயில் தண்ணி வரலைன்னு அவருக்கு ஃபைலைப் பார்க்காமலே தெரியும். பட்டணத்துப் படிச்ச பையன் வேற வேலை கிடைக்காமல் ஊரே தெரியாத கிராமத்தில் வந்து மாட்டிக்கிறது வடக்கே நம்பும்படி இருக்கு. இங்கே கொஞ்சம் இடிக்குது. நடிப்பில் குறையில்லை. மூலத்தின் பயத்தை அப்படியே கொண்டு வந்துட்டாங்க. நம்ம ஊர் அரசு ஆபிஸின் பயம் வேற. அங்கே வேலை போகாது. டிரான்ஸ்ஃபர் வரும். அமெரிக்கர்கள் முதல் பருவத்தில் செஞ்ச அதே தப்புதான் இது. ஸ்லௌவின் நாற்காலி மேஜையோட ஸ்லௌவின் பயத்தையும் ஸ்க்ரான்டனுக்குக் கொண்டு போனாங்க, ரெண்டாவது பருவத்தில் திருத்திக்கிட்டாங்க.

கேம்பில் ஒரு துரை

எங்க ஊர் பேரே ஆபிஸ் வாசனை உள்ள பேர். மலைக்கு மேலே ஒரு கேம்ப், அடிவாரத்தில் ஒரு கேம்ப். மலையிலிருந்து இறங்குற நாலு ராட்சசக் குழாயும், கீழே மின்நிலையமும், வாரியக் குடியிருப்பும் பார்த்து வளர்ந்தவங்களுக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் என்றால் என்னன்னு தெரியும். வருஷ நடுவில் சிநேகிதன் பள்ளிக்கூடம் மாறிப் போறதுதான் அது.

இந்தப் பள்ளத்தாக்கு ஒரு பிரிட்டிஷ் அதிகாரியைக் குடும்பத்து ஆளாவே ஆக்கி வெச்சிருக்கு. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டின பென்னிகுவிக். அணை 1895-ல் முடிஞ்சது, சுரங்கம் வழியா தண்ணி இந்தப் பக்கம் வந்தது. 2013 ஜனவரி 15, அவர் பிறந்தநாளில், லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறந்தாங்க. அதே நாளில் இங்கே அவருக்குப் பொங்கல் வைக்கிறாங்க, பிள்ளைகளுக்கு அவர் பேர் வைக்கிறாங்க. அந்த வேலையில் நோய் வந்து செத்த நூற்றுக்கணக்கான கூலியாட்களின் பேர் ஜனங்க வாயில் இல்லைங்கிறதையும் சேர்த்தே சொல்லணும்.

ஆனா இங்கே சொந்தம் கொண்டாடினது துரை இல்லை, ஜனங்க. வயலுக்குத் தண்ணி வந்தப்புறம் அவங்களாச் சொன்னாங்க. பிரென்ட் அதைத் தானே சொல்லிக்கிட்டார், யாரும் நம்பலை. மைக்கேலும் வருஷக்கணக்கா தானே சொல்லிக்கிட்டார். 2011-ல் அவர் ஆபிஸை விட்டுப் போறப்போதான் மத்தவங்க அதைத் திருப்பிச் சொல்றாங்க. அதனால்தான் அந்த எபிசோடில் அழுகை வருது. அதுக்கு ஏழு பருவம் தேவைப்பட்டது.

எந்த வடிவம் பெஸ்ட் என்று கேட்டா, முப்பது வயசில் அமெரிக்கனைச் சொல்லியிருப்பேன். இப்போ பிரிட்டிஷ் தொடரைச் சொல்வேன். எங்க டீமில் வேலை போனவங்களில் ஒருத்தருக்கு அப்போ பிள்ளை பிறந்து நாலு மாசம். அவரை அனுப்பின மேனேஜரும் கெட்டவர் இல்லை, மீட்டிங்கில் அவர் குரலும் நடுங்கிச்சு. அடுத்த காலாண்டில் அவரும் இல்லை.