அட்டவணையின் மூன்றாம் பத்தி

இலங்கையின் சுகாதாரக் கணக்கெடுப்பு ஏடுகளைப் புரட்டுகிறவர், நகரம், கிராமம் என்னும் இரண்டு பத்திகளுக்கு அப்பால், பிற நாட்டு ஏடுகளில் காண்பதற்கு அரிதான மூன்றாவது பத்தி ஒன்று, தோட்டம் என்ற தலைப்போடு தனித்து நிற்பதைக் காண்பார். அந்தப் பத்தியின் பூர்வ சரித்திரத்தை அறிய விரும்பினால், இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட சப்ரகமுவ மாகாணத்துக்கு, மலைநாட்டுத் தேயிலை பெற்ற புகழில் பாதியும் பெறாத அந்த றப்பர்த் தோட்டங்களுக்கு, ஒருமுறை போய்வருவது நலம்.

தோட்டத்து மக்களின் நோய் அரசாங்க ஏட்டில் ஏறியது பரிவினால் மட்டும் அன்று. தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்கள் வழியிலும், லயம் எனப்பட்ட வரிசைக் குடியிருப்பிலும் மடிந்துபோக, வேலைக்கு ஆள் கிடைப்பதே அரிதாகிவிடுமோ என்ற அச்சமும் எழுந்த காலத்தில், 1872இல் தோட்டங்களின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு சட்டம் பிறந்தது. பின்னர், அமெரிக்க ரொக்ஃபெல்லர் ஸ்தாபனத்தின் சுகாதாரக் குழுவினர் 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, லயத்து மனிதனின் குடலும் சர்வதேச ஆராய்ச்சிக்கு உரிய விஷயமாயிற்று.

அந்த நோயின் மர்மம் காலடியிலேயே இருந்தது. விடியற்காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு முடிந்து, றப்பர் மரத்துப் பட்டையில் கத்தியை ஓட்டி, பால் சிரட்டையில் சொட்டத் தொடங்கியதும் அடுத்த மரத்துக்கு நகரும் பால்வெட்டுத் தொழிலாளியின் வெறுங்கால் ஈர மண்ணில் பதியும்போது, கண்ணுக்குப் புலப்படாத புழுக்குஞ்சு விரலிடுக்கின் தோலைத் துளைத்து, இரத்தத்தோடு கலந்து, நுரையீரலுக்கு ஏறி, தொண்டை வழியாக விழுங்கப்பட்டு, குடலில் பற்றிக்கொண்டு நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சியது. கெனோபோடியம் எண்ணெயும் பேதி உப்பும் கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். மருந்துக்கு இசைந்த தோட்ட முதலாளிகள் பலர் மலசலகூடம் கட்டும் செலவென்றதும் பின்வாங்கினார்கள். ஆகவே குடலைவிட்டு நீங்கிய நோய் மண்வழியே மறுபடியும் காலுக்கு வந்தது.

கொக்கிப்புழு மெல்லக் கொல்லும் நோய். 1934இல் வந்ததோ பிரளயம். வற்றாத ஓட்டமுடைய நதிகள் நுளம்பின் குஞ்சுகளை அடித்துச் சென்றுவிடுவதால் கேகாலைப் பிரதேசம் மலேரியாவை அதிகம் அறியாதிருந்தது; அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்து, மகா ஓயாவும் அதன் அயல் ஆறுகளும் இளைத்து, மணலிலும் பாறைக் குழிகளிலும் வெயில் படும் தெளிந்த நீர் தேங்கி நிற்க, அத்தகைய நீரையே விரும்பும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு கணக்கின்றிப் பெருகியது. அக்டோபர் இறுதியில் எழுந்த குளிர்காய்ச்சல், சுமார் 55 லட்சம் ஜனங்கள் வாழ்ந்த தீவில் 15 லட்சம் பேர்வரை பீடித்து, அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. கேகாலையும் குருநாகலும் மிகுதியாக வாடின; அங்கும் பேரிடி விழுந்தது, மருந்துச்சாலையேனும் வாய்த்திருந்த தோட்டங்களைவிட, அதுவும் இல்லாத சிங்களக் கிராமங்களின் மேலேயே. அக்கிராமங்களுக்குப் பருப்பும் மருந்தும் சுமந்து சென்ற கலாநிதி என். எம். பெரேராவை 1936இல் ருவன்வெல்லை வாக்காளர் சட்டசபைக்கு அனுப்பியதில் அந்தத் தொண்டுக்குப் பெரும்பங்கு உண்டு. கோப்பி அழிந்த பின் துரைமார் சிங்கோனா மரங்களை வளர்த்து, மலேரியா மருந்தான கொயினா எடுக்கும் பட்டையைக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்த இந்தத் தீவு, ஜாவாவின் போட்டியால் விலை வீழ்ந்ததும் அம்மரங்களைக் கைவிட்டிருந்தது. ஆகையால் அரை நூற்றாண்டுக்குப் பின் தன் காய்ச்சலுக்கு அது பிற நாட்டுக் கொயினாவையே நம்பி நின்றது.

நோய் தணிந்ததும் ஏடுகள் பெருகின. பஞ்சாபில் பணியாற்றிய கர்னல் கில்லும், இலங்கையின் மருத்துவ அதிபர் பிரியர்கிளிஃபும் 1935இலேயே அறிக்கைகளை வெளியிட்டார்கள். பிற்காலத்தில் எரிக் மேயர், மார்கரெட் ஜோன்ஸ் முதலிய சரித்திராசிரியர்கள், மழை பொய்த்ததோடு உலகப் பொருளாதார மந்தத்தால் வயிறும் காய்ந்திருந்ததல்லவா என்ற வினாவையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். 1946இல் தீவெங்கும் டி.டி.டி. என்னும் நுளம்புக்கொல்லி மருந்து தெளிக்கப்பட, ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த மரண விகிதம் 1947இல் 14 ஆக இறங்கியபோது, அந்த வெற்றி மருந்துக்கு உரியதா, உணவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்விக்கும் உரியதா என்று நியூமன், மீகம, கிரே ஆகிய ஆய்வாளர்கள் பல்லாண்டு வாதிட்டனர். மலேரியா அரிதாயிருந்த மாவட்டங்களிலும் மரணம் குறைந்தது என்ற உண்மை, டி.டி.டி.க்கே முழுப் புகழையும் கொடுக்கவொட்டாமல் தடுத்தது.

இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த உலகம் ஒரு சராசரியில் மயங்கியது. குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் என்ற கருத்தைத் தலைப்பாகக் கொண்டு, 1985இல் அதே ரொக்ஃபெல்லர் ஸ்தாபனத்தின் ஆதரவில் வெளிவந்த நூல், சீனம், கோஸ்டாரிக்கா, கேரளம் ஆகியவற்றோடு இலங்கையையும் உலகுக்கு முன்மாதிரியாக நிறுத்தியது. பாராட்டு நியாயமானதே. ஆனால் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1970களின் பஞ்சகாலத்தில், தோட்டங்களில் பிறந்த ஆயிரம் சிசுக்களில் நூற்றுக்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இது தேச சராசரியின் இரு மடங்குக்கும் அதிகம். சராசரி என்பது வயிறு நிறைந்தவனையும் பட்டினி கிடந்தவனையும் ஒரே பந்தியில் அமர்த்தி, இருவரும் அரைவயிறு உண்டதாக எழுதிவைக்கும் கணக்கு. அந்தக் கணக்கில் லயம் மறைந்துவிடாமல் காத்தது, பிரித்து வைப்பதன் அடையாளமாகத் தோன்றும் அந்த மூன்றாம் பத்தியேதான்.

2012க்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா ஒன்றும் காணப்படாமையால், 2016 செப்டம்பரில் உலகச் சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. கேகாலையின் கல்லறைகளுக்கு அது தாமதமாக வந்த ஆறுதல். அதே 2016இன் குடிசன சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுள் வயதுக்குரிய உயரம் எட்டாதவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். மூன்றாம் பத்தியில் 32 பேர்.