கல்லைப் பார்க்க யார் வந்தார்கள்?

அம்பூரி, வெள்ளறடை, பனச்சமூடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் சுற்றுலா என்றால் பெரும்பாலும் திருவனந்தபுரம் மியூசியமும் மிருகக்காட்சி சாலையும்தான். விடியும் முன்னே பஸ் ஏறி, காட்டாக்கடை வழியாகவோ நெய்யாற்றின்கரை வழியாகவோ தம்பானூரில் போய் இறங்குவார்கள். புலியையும் நீர்யானையையும் பார்த்துவிட்டு, மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள். விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களுக்கும் அந்த ஊருக்கும் நடுவே மாநில எல்லை வந்தது 1956 நவம்பர் 1-இல். அதுவரை இந்தத் தாலுகாக்காரர்களுக்கும் அதுதான் தலைநகர். வழக்கு, வைத்தியம், பத்மநாபசாமி தரிசனம் என்று எதற்குப் போனாலும், போன கையோடு மிருகசாலையையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுத் திரும்பிய தலைமுறை இன்னும் இருக்கிறது.

அந்த மிருகசாலை பிறந்த கதையில், அம்பூரிக்கு வடகிழக்கே எழுந்து நிற்கும் அகத்தியமலைக்கும் ஒரு பங்கு உண்டு. நெய்யாறு பிறக்கிற மலை அது. 1,868 மீட்டர் உயரம். நெய்யாறு அணைக்கட்டின் நீர்ப்பரப்பு ஓரமாக நின்று, மேகம் விலகும் நேரத்துக்குக் காத்திருந்தால் சிகரம் கண்ணில் படும்.

கதை கல்லில் தொடங்குகிறது. 1840 முதல் 1860 வரை திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஜெனரல் வில்லியம் கல்லன். அரசாட்சியில் அவர் தலையிட்ட கதைகள் நிறைய இருக்கின்றன. அவற்றை இங்கே விட்டுவிடுவோம். பாறையும் கனிமமும் சேகரிப்பதில் அவருக்குத் தீராத ஆசை. தான் சேர்த்து வைத்திருந்தவற்றை ஒரு பொதுக் காட்சிசாலையில் வைக்க வேண்டும் என்று விரும்பினார். மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா சம்மதித்தார். 1855-இல் மன்னரைப் புரவலராகவும் கல்லனைத் தலைவராகவும் கொண்டு ஒரு சங்கம் அமைந்தது. காரியதரிசியாகவும் காட்சிசாலையின் முதல் இயக்குநராகவும் பொறுப்பேற்றவர் ஜான் ஆலன் பிரௌன்.

இந்த பிரௌனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர். முந்தைய மன்னர் சுவாதித் திருநாள் 1837-இல் ஏற்படுத்திய வான்நோக்கு நிலையத்தின் இயக்குநராக 1852-இல் வந்து சேர்ந்தார். வானத்தை விட அவர் மனம் தோய்ந்தது பூமியின் காந்தத்தில். காந்த ஊசி கிடைமட்டமாகவே நிற்கும் காந்த நடுக்கோடு திருவனந்தபுரத்தை ஒட்டிச் செல்கிறது. அதனாலேயே அந்த ஊர் விஞ்ஞானிகளுக்கு வேண்டிய ஊராயிற்று. 1963 நவம்பர் 21-இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் புறப்பட அருகிலுள்ள தும்பாவைத் தேர்ந்ததற்கும் அதே கோடுதான் காரணம்.

பிரௌனின் கருவியில் நூலிழையில் ஒரு காந்தம் தொங்கும். அதன் திசை நாள் முழுவதும் மிக மிக நுட்பமாக இப்படியும் அப்படியும் அசையும். ஒருவர் தூரத்திலிருந்து தொலைநோக்கி வழியாக அந்த அசைவை அளவுகோலில் படித்து மணிக்கு மணி எழுதி வைக்க வேண்டும். மூச்சுக் காற்று பட்டாலே கெட்டுப்போகிற வேலை. இதே அளவை உயரமான மலை மேல் எடுத்தால் மாறுமா என்று பிரௌன் கேட்டார். விடை காண 1855-இல் அகத்தியமலையின் உச்சியை ஒட்டி ஒரு நிலையம் கட்டினார். யானை நடமாடும் காடு. அடிவாரத்தில் காணிக்காரர் குடியிருப்புகள். மேலே அட்டையும் மழையும் குளிரும். இன்று வனத்துறை அனுமதியோடு சீசனில் ஏறுகிறவர்களே திணறுகிற வழியில், அன்று மரமும் தளவாடமும் கண்ணாடிக் கருவிகளும் ஆள் சுமையாக ஏறின. மேலே அவற்றுக்குக் காவலாக இருந்து இரவு பகல் கணக்கெழுதிய உள்ளூர் உதவியாளர்கள் இல்லாவிட்டால் அந்த ஆராய்ச்சியே இல்லை. பிரௌனின் பெயர் தெரிந்த அளவுக்கு அவர்களுடைய பெயர்கள் ஊருக்குத் தெரியாமல் போனதில் எனக்கு ஆற்றாமை உண்டு.

மலையில் நிலையம் எழுந்த அதே ஆண்டில்தான் கீழே காட்சிசாலைச் சங்கமும் அமைந்தது. 1857 செப்டம்பரில் மியூசியம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஜனம் வரவில்லை. மலைநாட்டிலிருந்து வருகிறவன் கண்ணாடிப் பெட்டிக்குள் கல்லைப் பார்க்க எதற்கு மெனக்கெட வேண்டும்? வயலிலும் ஆற்றிலும் அவன் பார்க்காத கல்லா?

அதற்குச் சங்கத்தார் கண்ட வழியை நான் மனதாரப் பாராட்டுவேன். கல்லைப் பார்க்க வராதவர்கள் புலியைப் பார்க்க வருவார்கள். அரண்மனைக்கென்று ஏற்கெனவே காட்டு மிருகங்களை வளர்த்துவந்த வழக்கம் இருந்தது. 1859-இல் மியூசியத்தைச் சுற்றிப் பூங்காவும் மிருகக்காட்சி சாலையும் உண்டாயின. கூட்டம் கூடியது. படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற காட்சி அது. விலங்கைப் பார்க்க வந்தவர் அப்படியே மியூசியத்துக்குள்ளும் எட்டிப் பார்த்தார்.

1859 எப்பேர்ப்பட்ட வருடம் என்பதையும் எங்கள் பக்கத்தார் மறக்க முடியாது. தோள்சீலைக்காக நாடார் பெண்கள் பட்ட அடியும் அவமானமும் தென் திருவிதாங்கூரையே உலுக்கிய காலம். அந்த ஜூலை 26-இல், இதே உத்திரம் திருநாள்தான் அவர்கள் மேலாடை அணியலாம் என்று அறிக்கை விட்டார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு! பூங்காவும் பூச்செடியும் அழகான நினைவுதான். அந்த நினைவுக்குப் பக்கத்திலேயே இதையும் வைத்துத்தான் அந்த ஆட்சியை மதிப்பிட வேண்டும்.

பிரௌன் 1865-இல் ஊரைவிட்டுப் போனார். திருவனந்தபுரத்திலும் அகத்தியமலையிலும் எடுத்த காந்த அளவுகள் 1874-இல் நூலாக வெளிவந்தன. அந்த வருடமே பழைய மியூசியம் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதியதற்கு வேலை தொடங்கினார்கள். கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸை வடித்தவர். 1880-இல் வேலை முடிந்து, சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. பிரௌன் 1879-லேயே காலமாகிவிட்டார்.

கட்டடத்தை வெளியே நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பல நிறச் செங்கல் பட்டை பட்டையாக ஓடும் சுவர், அதன் மேல் செங்குத்தாகச் சரிந்து இறங்கும் கூரை, கூரை முகப்பில் மர வேலைப்பாடு. பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவருக்கு அந்தச் சரிவு தெரிந்த சரிவு. மலையாள நாட்டுத் தச்சு மரபை சிஷோம் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறார். உள்ளே போனதும் தலையை நிமிர்த்துங்கள். உயரத்தில் திறப்புகள், சூடான காற்று மேலே ஏறி வெளியேறிவிட, மீனமாதத்து வெயிலிலும் தரைமட்டம் குளுமையாக இருக்கும். செப்புத் திருமேனிகளையும் தந்தச் செதுக்குகளையும் பார்க்கிற அவசரத்தில் இதைக் கவனிக்காமல் வெளியே வந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். 1935-இல் சேர்ந்த ஸ்ரீ சித்திரா ஓவியக்கூடமும் அதே வளாகம். ரவிவர்மாவின் மூலப் படங்களும் அந்த வளாகத்திலேயே இருக்கின்றன.

மிருகசாலைக்கும் மியூசியத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. அதைப் பார்த்துப் புறப்படுங்கள். பிரௌன் வேலை செய்த வான்நோக்கு நிலையம் இன்று கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், கொஞ்ச தூரத்திலேயே ஒரு குன்றின் மேல் இருக்கிறது. அம்பூரிப் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது, முன்கூட்டியே அனுமதி வாங்கி அங்கேயும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். தங்கள் ஊர் மலையில் அளந்ததைத் தலைநகரின் கணக்கோடு ஒப்பிட்ட இடம் அதுதான் என்று ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதைப் பிள்ளைகளே கேட்பார்கள்.