பிரேக் மெக்கானிக் பார்த்த எஸ் கிளாஸ்

மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் என்றால் எல்லோரும் தோல் சீட்டையும் மர வேலைப்பாட்டையும்தான் பேசுவார்கள். கோவையில் பிரேக் வேலை பார்த்தே பிழைத்தவன் நான். எனக்கு அந்தக் காரின் வரலாறு சக்கரத்துப் பக்கம்தான் தொடங்குகிறது.

1972-ல் வந்த டபிள்யூ 116 தான் எஸ் கிளாஸ் என்று முறையாகப் பெயர் வாங்கிய முதல் தலைமுறை. அதில் பெரிய காரியம் நடந்தது 1978-ல்: பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஏ.பி.எஸ். 1970-லேயே முன்மாதிரியைக் காட்டிவிட்டார்கள். ஆனால் அன்றைய எலெக்ட்ரானிக்ஸை நம்பி ஓட்டுநரிடம் கொடுக்க முடியவில்லை. டிஜிட்டல் சர்க்யூட் வந்த பிறகே கை கூடியது.

ஈரச் சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் லாக் ஆகிவிடும். லாக் ஆன சக்கரம் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. ஏ.பி.எஸ். அந்தக் கணத்தைக் கண்டுபிடித்து அழுத்தத்தை விடும், மறுபடி பிடிக்கும். ஒரு வினாடிக்குள் பல முறை. பெடலில் கடகடவென்று துடிப்பது அதுதான். பயந்து போகிறவர்களிடம், "காலை எடுத்துறாதீங்கண்ணா, அது அதோட வேலையைச் செய்யுதுங்க" என்பேன்.

1979-ல் வந்த டபிள்யூ 126, புரூனோ சாக்கோ தலைமையில் வடிவம் பெற்றது. என் கண்ணுக்கு எல்லாத் தலைமுறையிலும் அழகு அதுவே. 1981 வாக்கில் ஓட்டுநருக்கான ஏர்பேக் அதில் வந்தது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கு முன்பே கொடுத்துப் பார்த்து, விற்காமல் கைவிட்ட சாமான் அது. பென்ஸ்காரர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

1991-ன் டபிள்யூ 140 ஒரு மலை. இரட்டைக் கண்ணாடி ஜன்னல், 12 சிலிண்டர் எஞ்சின். ரிவர்ஸ் எடுக்கும்போது பின் மூலை தெரிவதற்காகத் தானே எழும்பும் இரண்டு கம்பிகள். இத்தனை பெரிய கார் எதற்கு என்று ஜெர்மனியிலேயே கேட்டார்கள். ஆனால் இதே குடும்பத்து கூபேயில்தான் 1995-ல் இ.எஸ்.பி. வந்தது. வண்டி திருப்பத்தில் வழி தவறினால், தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து நேராக்கும் ஏற்பாடு.

அது விலையுயர்ந்த கார்களோடு நின்றிருக்கும். ஆனால் 1997 அக்டோபரில் ஸ்வீடன் பத்திரிகை ஒன்று, பென்ஸின் புதிய சிறிய காரான ஏ கிளாஸை எல்க் சோதனைக்கு உட்படுத்தியது. சாலையில் குறுக்கே வரும் பெரிய மானுக்கு விலகுவது போல வண்டியைச் சட்டென்று ஒடித்துத் திருப்பும் சோதனை அது. வண்டி கவிழ்ந்தது. நிறுவனம் விற்பனையைச் சில வாரங்கள் நிறுத்தி, எல்லா ஏ கிளாஸிலும் இ.எஸ்.பி.யைப் பொருத்தியது. பணக்காரர் காரில் பிறந்த பிரேக், ஒரு கவிழ்ந்த சின்னக் காரின் புண்ணியத்தில் இரண்டே வருஷத்தில் கீழே இறங்கி வந்தது.

நம் நாட்டில் அந்த வேகம் இல்லை. எல்லாப் புதிய கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில். 1978-லிருந்து 41 ஆண்டு. சாலையில் நீளமாக டயர் தேய்த்த கோடு போட்டுவிட்டு முன்பக்கம் நசுங்கிப் பட்டறைக்கு வந்த வண்டிகளை இந்த இடைவெளியில் நிறையப் பார்த்தேன். அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

1998-ன் டபிள்யூ 220 எடை குறைந்து, ஏர் சஸ்பென்ஷனில் வந்தது. 2002-ல் அதில் சேர்ந்த பிரீ-சேஃப், மோதல் நெருங்குவதை உணர்ந்து முன்கூட்டியே பெல்ட்டை இறுக்கும். 2005, 2013 தலைமுறைகள் பிரேக்காரனான எனக்குப் பெரிய வியப்பைத் தரவில்லை. 2013 காரில் பழைய பல்பு ஒன்றுகூட இல்லை, முழுக்க எல்.இ.டி. என்பது மட்டும் மனதில் நின்றது.

2020-ல் வந்த டபிள்யூ 223-ல், பின் சீட்டில் இருப்பவருக்கு எதிரேயும் ஏர்பேக் விரிகிறது. நம் வீடுகளில் அம்மா, அப்பாவைப் பின் சீட்டில்தான் உட்கார வைக்கிறோம். என் பட்டறைக்கு வரும் சின்ன வண்டிகளில் அது எந்த வருஷம் இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.