காலம் கடந்த களங்கள்

மறைந்தவரையும் வாழ்பவரையும் ஒரே களத்தில் நிறுத்தி, வென்றவர் யார் எனத் தீர்ப்புச் சொல்லிப் பார்ப்பது மனித மனத்துக்கு மிகவும் விருப்பமான ஆட்டம். கவிஞர்கள் கூடுமிடத்தில் கம்பனா, இளங்கோவா என்ற பேச்சு எழாத மாலை அரிது. குத்துச்சண்டை அன்பர்களிடம் இந்த ஆட்டம் இன்னும் சூடானது. கவிஞன் எதிராளி இல்லாமலே கவிஞன் ஆகலாம்; எதிராளி இல்லாத குத்துச்சண்டை வீரன் இல்லை. எனவே ஒரு காலத்து வீரனின் பெருமையை அளக்க நினைப்பவர்கள் அவனுக்கு மற்றொரு காலத்திலிருந்து எதிராளியைத் தேடிக் கொண்டுவருகிறார்கள்.

இக்கற்பனைக்கு ஒரு வரலாறு உண்டு. அது நம் புறநானூற்றையும் நம் கடற்கரைச் சேரிகளையும் தொட்டுச் செல்வது.

ஆமூரில் எழுந்த இரு குரல்கள்

உறையூர்ச் சோழன் தித்தனின் மகன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி. தந்தையோடு பகைத்துப் பிரிந்திருந்த அவன், ஆமூர் மல்லனோடு மற்போர் செய்து வென்றான். புறநானூற்றின் 80 முதல் 82 வரையுள்ள பாடல்களைச் சாத்தந்தையாரும், 83 முதல் 85 வரையுள்ளவற்றைப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் அவனைப் பற்றிப் பாடியுள்ளனர். மற்போர் வேறு, குத்துச்சண்டை வேறு என்பது உண்மை. எனினும் இருவர் மட்டுமே களத்தில் நிற்க ஊரே சுற்றி நின்று பார்க்கும் சண்டையைத் தமிழ்க் கவிதை எவ்வாறு கண்டது என்பதற்கு இப்பாடல்களே சிறந்த சான்று.

சாத்தந்தையார் ஓர் ஆசையை வெளியிடுகிறார். மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும், தித்தன் இந்தப் போரைக் காண வேண்டும் என்பது அவர் விருப்பம். களத்தில் இல்லாத ஒருவனைக் களத்துக்கு அழைக்கும் கற்பனை இது. 85ஆம் பாடலில் நக்கண்ணையார் காட்டுவது இன்னும் நுட்பமானது. அது கிள்ளியின் ஊரும் அன்று, நாடும் அன்று. ஆகவே வெற்றி அவனுக்கே என்கிறது ஒரு கூட்டம்; இல்லை என்கிறது மற்றொரு கூட்டம். நக்கண்ணையாரோ ஒரு பனைமரத்தைச் சார்ந்து நின்று அவன் வென்றதைத் தம் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார்.

கண்முன் நடந்த சண்டைக்கே இரண்டு தீர்ப்புகள் எழுந்தன என்றால், நடவாத சண்டைக்கு எத்தனை எழும்?

கணிப்பொறி நடத்திய போட்டி

1967இல் அமெரிக்காவின் மயாமி நகரைச் சேர்ந்த மர்ரே வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர், பல காலத்து மிகை எடை வீரர்கள் 16 பேரைக் கணிப்பொறியின் துணைகொண்டு மோதவிட்டார். ஒவ்வொருவரின் பலமும் பலவீனமும் எண்களாக்கப்பட்டன. கணிப்பொறி தந்த முடிவுகள், நேரில் நடக்கும் சண்டைக்கான வருணனைபோல் வானொலியில் ஒலித்தன. இறுதிப் போட்டியில் ராக்கி மார்சியானோ 13ஆம் சுற்றில் ஜாக் டெம்ப்சியை வீழ்த்தினார்.

முகம்மது அலியோ கால் இறுதியிலேயே, நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆடிய ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. அப்போது அலியின் நிலை என்ன? வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததால் அதே 1967இல் அவருடைய பட்டம் பறிக்கப்பட்டிருந்தது. களத்தில் ஒருவரிடமும் தோற்காத அவர் 1970 அக்டோபர் வரை களமேற இயலவில்லை. மெய்யான சண்டை மறுக்கப்பட்டவர், பொய்யான சண்டையில் தோற்கடிக்கப்பட்டார். தம் பெயருக்கு இழுக்கு நேர்ந்ததாக 10 லட்சம் டாலர் கேட்டு அவர் வழக்குத் தொடுத்தார். கற்பனைதானே என்று அவர் சிரித்துவிட்டுப் போகவில்லை என்பது இங்கே கருதத்தக்கது.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. 49 போட்டிகளில் ஒன்றிலும் தோற்காமல் 1956இல் ஓய்வு பெற்ற மார்சியானோவும் அலியும் 1969இல் படக்கருவியின் முன் நின்று, ஒரு நிமிடச் சுற்றுகளாகப் பல சுற்றுகள் ஆடினர். மார்சியானோ உடல் இளைத்து, பொய்முடி சூடி வந்தார். வேறுவேறு முடிவுகள் பல படமாக்கப்பட்டன; எது காட்டப்படும் என்பது இருவருக்கும் சொல்லப்படவில்லை. 1970 ஜனவரியில் திரைக்கு வந்தபோது 13ஆம் சுற்றில் அலி வீழ்வதாகக் காட்டினர். அதைக் காண மார்சியானோ இல்லை. 1969 ஆகஸ்டு 31 அன்று, தம் 46ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், விமான விபத்தில் அவர் இறந்திருந்தார்.

யாருடைய விதி?

இவ்வாட்டத்தின் அடிப்படைச் சிக்கல், களம் ஒன்றாக இருந்ததில்லை என்பதே. 1867இல் வெளிவந்த குவீன்ஸ்பெரி விதிகள் கையுறையையும் மூன்று நிமிடச் சுற்றையும் கொண்டுவந்தன. எனினும் 1889இல் ஜான் எல். சல்லிவன் ஜேக் கில்ரெயினை வென்றது பழைய விதிப்படி, வெறுங்கையால், 75 சுற்றுகளில். ஒருவன் தரையில் விழுந்தால்தான் அன்று ஒரு சுற்று முடியும். 1915இல் ஹவானாவில் ஜாக் ஜான்சன் தோற்றது 26ஆம் சுற்றில். 1982இல் லாஸ் வேகாஸில் கொரிய வீரர் கிம் டுக்கூ அடிபட்டு இறந்த பிறகே, பட்டப் போட்டிகள் 15 சுற்றிலிருந்து 12 சுற்றாகக் குறையத் தொடங்கின. ஒரு வீரனின் உயிர் போய்த்தான் விதி மாறியது.

எடையும் அப்படியே. மார்சியானோ ஏறத்தாழ 84 கிலோ எடையில் உலகப் பட்டத்தைக் காத்தவர். இன்றைய பிரிவுகளின்படி அவர் மிகை எடைக்கு ஒரு படி கீழே நிற்க வேண்டியவர். ஆகவே சல்லிவனையும் அலியையும் மோதவிட விரும்புவோர், முதலில் எந்த ஆண்டின் களத்தில் என்று சொல்ல வேண்டும். ஆண்டைத் தேர்ந்தெடுத்தவுடனே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

நம் கரையில்

இனி நம் பக்கம் வருவோம். கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டில் பணிபுரியும் நம் அன்பர்கள் பலர் சென்னைக்குச் செல்லும் புறநகர் ரயில், எண்ணூரையும் திருவொற்றியூரையும் தண்டையார்பேட்டையையும் கடந்து செல்கிறது. கடற்கரை நிலையம் போகும் வண்டி ராயபுரத்தையும் தொடும். அந்த வடசென்னையில்தான் ஆங்கிலேயர் வழி வந்த குத்துச்சண்டையை மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் தமதாக்கிக் கொண்டனர். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று அவர்கள் வழங்கிய சொல் குருதி வழியைக் குறிப்பதன்று. வாத்தியார் வழியைக் குறிப்பது. கித்தேரி முத்து, ஆங்கிலோ இந்தியரான நாட் டெர்ரி ஆகிய பெயர்கள் அங்கே இன்றும் பேசப்படுகின்றன. 2021இல் பா. இரஞ்சித் இயக்கிய ‘சார்பட்டா பரம்பரை’ இம்மரபை உலகறியச் செய்தது.

1980இல் அலியே சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். அலியிடமிருந்து பறிக்கப்பட்ட பட்டங்களுள் ஒன்றை 1968இல் வென்றவர் அதே எல்லிஸ். 1971இல் அலியிடம் தோற்றவரும் அவரே. பின்னர் வடசென்னையின் வி. தேவராஜன் 1994இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றார்.

கித்தேரி முத்துவும் தேவராஜனும் மோதியிருந்தால்? நம் ஊர்த் திண்ணைக்கு இதைவிடச் சுவையான கேள்வி இல்லை. ஆனால் நம்மால் அதை நேர்மையாகக் கேட்கவும் முடியாது. மார்சியானோவின் 49 போட்டிகளுக்கும் நாள், இடம், எதிராளி, சுற்று எல்லாம் ஏட்டில் உள்ளன. அந்த ஏடு இருந்ததால்தான் கணிப்பொறிக்கு ஊட்ட எண்கள் கிடைத்தன. நம் பரம்பரைகளின் வீரர்களுக்கோ பெரும்பாலும் நினைவே ஏடு. நினைவு வைத்திருந்தோர் ஒவ்வொருவராக மறைகின்றனர். அலி, தம்மைப் பற்றித் தவறாக எழுதப்பட்ட தீர்ப்பை எதிர்த்து வழக்காட முடிந்தது. எழுதப்படவே இல்லாதவன் எதை எதிர்த்து வழக்காடுவான்?

ஆமூர் மல்லனின் பெயரும் நமக்குத் தெரியாது. ஊர்ப் பெயரும் தொழிற்பெயருமாகவே அவன் எஞ்சினான். ஆயினும் அப்படியொருவன் இருந்தான் என்பது நமக்குத் தெரிவது, பார்த்த கவிஞர் இருவர் பாடி வைத்ததால்.

பத்தாண்டுகளாகக் கவிதை வளர்த்து வரும் நம் வட்டத்துக்கு இங்கே ஒரு பணி காத்திருக்கிறது. பொன்னேரியிலும் எண்ணூரிலும் காசிமேட்டிலும் உள்ள முதியவர்களை அணுகி, களம் கண்ட வீரரின் பெயர், ஊர், வாத்தியார், எதிராளி, ஆண்டு ஆகியவற்றை, சொன்னவர் பெயரோடு எழுதி வைப்போம். இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுவோம். நக்கண்ணையார் அப்படித்தான் செய்தார். யார் யாரை வென்றிருப்பார் என்று கற்பனை செய்யும் இன்பத்தை நமக்குப் பின் வருவோர் அடையட்டும். அதற்கான ஏட்டையேனும் நாம் அவர்களுக்கு விட்டுச் செல்வோம்.